கருவிக்கும் ஒரு நல்ல பெயர் வேண்டும்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு அருகே, பாலாற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் அங்கே ஒன்று கூடுகின்றன. அந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா?

திருமுக்கூடல்!

பெயர் வைத்தவர் யாரோ, பெரிய கெட்டிக்காரர். ஊரைக் கண்ணால் பாராதவனும் பெயரைக் கேட்டதுமே, "ஓகோ! மூன்று கூடுகிற புண்ணிய இடம்" என்று தெரிந்து கொள்வான். ஏழே எழுத்து. அதில் ஊரின் கதை முழுவதும் அடங்கிவிட்டது.

பிள்ளை பிறந்தால் பெயருக்காக வீடே கூடிப் பேசுகிறது. தாத்தா ஒரு பெயர் சொல்வார். பாட்டி ஒரு பெயர் சொல்வாள். அத்தைக்காரி கோபித்துக் கொள்வாள். கடை வைத்தால் பெயர் பார்க்கிறோம். கன்றுக்குட்டிக்குக்கூடப் பெயர் வைக்கிறோம்.

ஆனால் கம்ப்யூட்டர் படிக்கிற நம் பிள்ளைகள், தாங்கள் செய்கிற கருவிக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் ஏனோ யோசிப்பதே இல்லை. வாயில் வந்ததை வைத்து விடுகிறார்கள். அதனால் வருகிற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல!

கருப்புத் திரை

கருவி என்றால் சுத்தியல், உளி அல்ல. கம்ப்யூட்டரில் கருப்புத் திரை ஒன்று உண்டு. படம் இருக்காது. அமுக்குவதற்குப் பொத்தான் இருக்காது. ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக் கொண்டிருக்கும். அங்கே ஒரு சொல்லை டைப் அடித்துத் தட்டினால், கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்யும். இதற்குக் "கட்டளை வரி" என்று பெயர். அங்கே அடிக்கிற ஒவ்வொரு சொல்லும் ஒரு கருவியின் பெயர்.

படம் போட்ட திரையில் பெயர் மறந்தாலும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து விடலாம். கருப்புத் திரையில் அது நடக்காது. பெயர் தெரிந்தால்தான் கருவி உண்டு. பெயர் மறந்தால் கருவியே இல்லை. இருட்டு அறையில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான்.

ஏன் இவ்வளவு சின்னப் பெயர்?

இந்தக் கருவிகளில் மிகப் பழையவை, யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டோடு பிறந்தவை. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்தில் இப்போதுள்ள திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். அதன் விசைகளை ஓங்கி அமுக்க வேண்டும். நொடிக்குப் பத்து எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் நீளமான பெயரை நாள் முழுவதும் அடித்தால் விரல் என்னத்துக்கு ஆகும்?

ஆகவே பெயர்களைச் சுருக்கினார்கள். பட்டியல் காட்டுகிற கருவிக்கு "எல், எஸ்" என்று இரண்டே எழுத்து. நகல் எடுக்க "சி, பி". இடம் மாற்ற "எம், வி". அழிக்க "ஆர், எம்".

இது அன்னிய நாட்டு வழக்கம் என்று நினைக்காதீர்கள். காஞ்சிபுரத்துத் தறியைப் பாருங்கள். நெசவாளர் நாளெல்லாம் சொல்லுகிற சொற்கள் எவை? தறி, நாடா, பாவு, ஊடை, அடை. எல்லாம் இரண்டு, மூன்று எழுத்துச் சொற்கள். கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளுவார். தறி ஓடுகிற ஓட்டத்தில் ஒருவருக்கொருவர் நீட்டி முழக்கிப் பேச நேரம் ஏது? அடிக்கடி சொல்ல வேண்டிய சொல் தானாகவே தேய்ந்து சின்னதாகி விடும்.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் வேறு உறவும் உண்டு. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர், ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ வேலை நெய்யும் முறையை 1804-ம் ஆண்டில் கண்டார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ், கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் அட்டையால் கட்டளை கொடுக்கலாம் என்று திட்டமிட்டார். அந்த ஜக்கார்டு பெட்டி காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கட்டளை வரி ஒன்றும் புது உறவு அல்ல.

ஆனால் ஒரு விஷயம். தினம் நூறு தடவை அடிக்கிற கருவிக்குத்தான் இரண்டு எழுத்துப் பெயர் பொருந்தும். வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற கருவிக்கும் இரண்டு எழுத்து வைப்பது, வருஷத்துக்கு ஒரு முறை வருகிற விருந்தாளிக்குச் செல்லப் பெயர் வைப்பது போல. யாருக்கும் நினைவில் நிற்காது.

கல்வெட்டில் ஒரு பாடம்

திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோவில் இருக்கிறது. அங்கே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. இந்த அரசன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கோவிலைச் சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பெயர் வீரசோழன். 15 படுக்கைகள். வைத்தியர் ஒருவர், கத்தி பிடித்து அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள். எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த ஆஸ்பத்திரியில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் இருக்கிறது. ஏறக்குறைய 20 மருந்துகள். அந்தப் பெயர்களைப் பாருங்கள்.

வாசா ஹரீதகி. கோமூத்திர ஹரீதகி. தசமூல ஹரீதகி. பல்லாதக ஹரீதகி.

வடமொழிப் பெயர்கள்தான். பயப்பட வேண்டாம். ஹரீதகி என்றால் கடுக்காய். வாசா என்றால் ஆடாதோடை. கோமூத்திரம் உங்களுக்கே தெரியும். தசமூலம் என்றால் பத்து வேர். பல்லாதகம் என்றால் சேங்கொட்டை. ஆக நான்கும் கடுக்காய் மருந்து. ஒவ்வொன்றிலும் கூடச் சேர்வது வேறு. குடும்பப் பெயர் ஒன்று. தன் பெயர் வேறு. புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட ஜாடியைப் பார்த்துக் குழம்ப மாட்டான்.

"பில்வாதி கிருதம்" என்று ஒரு மருந்து. வில்வம் முதலானவை சேர்ந்த நெய் என்று பெயரே சொல்லிவிடுகிறது. "சுநேத்ரி" என்று இன்னொன்று. நல்ல கண் என்று பொருள். கண் மருந்து! இதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பெயர் சொல்லவில்லை. என்ன பலன் என்று சொல்கிறது. அதுவும் ஒரு வழிதான். கண் வலிக்காரனுக்கு வேர் பெயர் எதற்கு? கண் குணமானால் போதும்.

சுமார் 950 ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமம், இன்று கம்ப்யூட்டர் கருவி செய்கிற பல பேருக்குத் தெரியவில்லை என்றால் வருத்தமாக இல்லையா?

எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன். பி.டி.எஃப். என்ற ஆவண வகை இருக்கிறதல்லவா? அதைக் கையாளும் கருவிகள் சில உண்டு. ஒன்றின் பெயர் "பி.டி.எஃப். டு டெக்ஸ்ட்", ஆவணத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும். இன்னொன்று "பி.டி.எஃப். இமேஜஸ்", படங்களை எடுத்துத் தரும். மூன்றாவது "பி.டி.எஃப். இன்ஃபோ", விவரம் சொல்லும். திருமுக்கூடல் கடுக்காய்களைப் போலவே குடும்பப் பெயர் முன்னால், வேலை பின்னால். இந்தப் பெயர்களில் அழகு இல்லைதான். ஆனால் ஒரு தடவை படித்தால் ஆயுளுக்கும் மறக்காது. என் ஓட்டு இவற்றுக்கே.

மயில் கழுத்தும் எம்.எஸ். நீலமும்

"அப்படியானால் பெயரில் விளையாட்டே கூடாதா?" என்று கேட்பீர்கள்.

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்குப் போங்கள். "மயில் கழுத்து நிறத்தில் எடுங்கள்" என்றால் கண்ணை மூடிக் கொண்டே நிறம் தெரிகிறது. "எம்.எஸ். நீலம்" என்றும் கேட்பார்கள். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் வந்த பெயர். சேலை கட்டுகிற குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவரைத் தெரியாத வெளிநாட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயரால் எந்த நீலம் என்று விளங்குமா? விளங்காது. யாராவது சொல்லித் தர வேண்டும்.

கருவிகளிலும் இரண்டு ஜாதி உண்டு. "ஆக்" என்று ஒரு கருவி. 1977-ம் ஆண்டில் பிறந்தது. வரிசை வரிசையாக இருக்கும் கணக்குகளை அலசித் தரும். நல்ல கருவி. ஆனால் பெயருக்கு என்ன பொருள்? ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேரின் முதல் எழுத்து! மூன்று பேரும் மேதைகள், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கற்கும் மாணவி, கணக்கு அலச வேண்டும் என்றால் இந்தப் பெயரை எங்கே போய்த் தேடுவாள்?

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்னும் வேடிக்கை. புதுத் தபால் வந்திருக்கிறது என்று அறிவிக்கும் கருவிக்கு "பிஃப்" என்று பெயர் வைத்தார்கள். பிஃப் என்பது அங்கே சுற்றிக் கொண்டிருந்த ஒரு நாயின் பெயர்! தபால்காரரைக் கண்டால் அது குரைக்கும் என்று பிறகு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள்.

2005-ம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் "கிட்" என்ற கருவியைச் செய்தார். நிரல் எழுதுகிற பிள்ளைகள் இன்று அநேகமாக எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். "கிட்" என்றால் இங்கிலாந்துப் பேச்சு வழக்கில் உதவாக்கரை மனிதன் என்று ஒரு வசவு. தன்னையே கேலி செய்து கொண்டு வைத்த பெயர் அது. கருவியின் புகழ் பெயரைத் தூக்கி நிறுத்தி விட்டது. பெயரால் கருவி ஜெயித்தது என்று யாரும் ஏமாந்து போக வேண்டாம். சூப்பர் ஸ்டார் எந்தச் சட்டை போட்டாலும் அழகு. அதற்காக நாமும் போட்டால் எடுபடுமா?

விளையாட்டிலும் நல்ல விளையாட்டு உண்டு. நீளமான எழுத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டும் கருவிக்கு "மோர்" என்று பெயர். "இன்னும் இருக்கிறது" என்று பொருள். பிறகு அதைவிடக் கெட்டிக்காரக் கருவி ஒன்று வந்தது. அதற்கு "லெஸ்", அதாவது "குறைவு" என்று பெயர் வைத்தார்கள். சிரிப்பும் வருகிறது, பழையதன் தம்பி என்றும் தெரிகிறது.

தமிழிலே நல்ல உதாரணம் "செல்லினம்". செல்போனில் தமிழ் எழுதுவதற்காக மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தது. 2005-ம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளிவந்தது. இது கருப்புத் திரைக் கருவி அல்ல. ஆனாலும் பெயரைப் பாருங்கள்! வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த காதுக்குச் "செல்லினம்" என்றால் உடனே ஒட்டிக் கொள்கிறது. செல்போனும் வந்துவிட்டது, எழுத்தும் வந்துவிட்டது. சிலேடை வேலையை மறைக்கவில்லை, விளக்குகிறது. இப்படி வைக்க முடிந்தால் தாராளமாக விளையாடலாம்.

ஒரே பெயரில் இரண்டு பேர்

திருமுக்கூடல் என்ற பெயரை முதலில் மெச்சினேன். அதில் ஒரு சங்கடமும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் முக்கூடல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பவானிக் கூடுதுறையையும் முக்கூடல் என்பார்கள். கர்நாடகத்தில், மைசூர் பக்கம், காவிரியும் கபினியும் கூடும் இடத்துக்குத் திருமகூடலு என்றே பெயர். திருமகூடலு நரசிபுரம் என்று சேர்த்துச் சொல்வார்கள்.

வேலையைச் சொல்லும் பெயர் என்றால், அதே வேலை நடக்கிற எல்லா இடத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும் அல்லவா? அதனால்தான் "வாலாஜாபாத் பக்கத்துத் திருமுக்கூடல்" என்று விலாசம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர் என்றால் விலாசம் சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் என்ன ஆகும்? நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் கம்ப்யூட்டர் சில பெட்டிகளில் வரிசையாகத் தேடுகிறது. முதலில் எந்தப் பெட்டியில் அந்தப் பெயர் கிடைக்கிறதோ, அதையே ஓட்டுகிறது. "இவரா, அவரா?" என்று கேட்காது. இரண்டாவது பெட்டியில் உள்ள உங்கள் கருவி தூங்க வேண்டியதுதான்.

புதிதாக நிரல் எழுதும் மாணவர்கள் பல பேர் விழுகிற பள்ளம் ஒன்றைச் சொல்கிறேன். தம்பி முதல் முதலாக ஒரு நிரல் எழுதுகிறான். "சும்மா சோதனைதானே" என்று அதற்கு "டெஸ்ட்" என்று பெயர் வைக்கிறான். கருப்புத் திரையில் "டெஸ்ட்" என்று அடிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை! பிழை என்றும் வரவில்லை, விடையும் வரவில்லை. திரும்பத் திரும்ப நிரலைப் பார்க்கிறான். எழுத்து எழுத்தாகச் சரி பார்க்கிறான். இரவு பத்து மணி ஆகிறது. "தம்பி, சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடுகிறாள். அவன் தலையைப் பிய்த்துக் கொள்கிறான்.

என்ன நடந்தது? யூனிக்ஸில் ஏற்கனவே "டெஸ்ட்" என்ற கருவி ஒன்று இருக்கிறது. ஒன்று சரியா தவறா என்று பார்த்துவிட்டு வாயே திறக்காமல் போய்விடும் கருவி அது. தம்பி கூப்பிட்டதும் அதுதான் வந்தது, சத்தமில்லாமல் போனது. தம்பியின் நிரலில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் பெயரில்!

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. "நோட்" என்ற பெயரில், வானொலிப் பொழுதுபோக்கு அன்பர்களின் கருவி ஒன்று டெபியன் என்ற இலவச ஏற்பாட்டில் முதலிலேயே இருந்தது. பிறகு 2009-ம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற இன்னொரு "நோட்" பிறந்தது. இரண்டும் மோதின. சில ஆண்டுகள் டெபியன்காரர்கள் மட்டும் "நோட்ஜேஎஸ்" என்று நீளமாக அடிக்க வேண்டியிருந்தது. மற்ற ஊரில் எழுதிய நிரல் இங்கே வந்து "நோட் எங்கே?" என்று முழித்தது. தேடுவதற்கு உதவும் "ஏக்" என்ற கருவிக்கும் இதே கதி. ஜப்பானிய எழுத்தை மாற்றும் கருவி ஒன்று அங்கே அந்தப் பெயரில் முன்பே குடியிருந்தது.

ஆகவே பெயர் வைக்கும் முன்பு அதே பெயரைக் கருப்புத் திரையில் அடித்துப் பாருங்கள். இணையத்தில் தேடிப் பாருங்கள். கூகுள் நிறுவனம் 2009-ம் ஆண்டில் "கோ" என்று ஒரு நிரல் மொழியை வெளியிட்டது. "போ" என்று பொருள். தேடினால் உலகத்தில் போவது வருவது எல்லாம் வந்து நிற்கிறது. அதனால் தேடுகிறவர்கள் "கோலாங்" என்று வால் சேர்த்துத் தேடுகிறார்கள். தேடுதலை நடத்தும் நிறுவனத்துக்கே இந்த நிலை!

காதிலே சொல்லிப் பாருங்கள்

தொட்டிலில் இட்டதும் குழந்தையின் காதிலே மூன்று தடவை பெயர் சொல்கிறோம். பெயர் என்பது கூப்பிடுவதற்கு. எழுதி மாட்டுவதற்கு அல்ல.

கருவியின் பெயரையும் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். சும்மா அல்ல, போனில் சொல்லிப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து அக்காள் சென்னையில் உள்ள தம்பிக்குப் போனில், "இந்தப் பெயரை அடி" என்கிறாள். தம்பி பிழையில்லாமல் அடிக்கிறானா? அடித்தால் அது பெயர்.

நம் நாட்டில் இதற்குத் தனிச் சிக்கல் உண்டு. தமிழில் "க" ஒன்றுதான். ஆங்கிலத்தில் "கே", "ஜி" என்று இரண்டு. "ப" ஒன்றுதான், அங்கே "பி" என்று நாம் சொன்னால் இரண்டில் எது? "பம்பாய்க்கு வருகிற பி" என்று விளக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த எழுத்துக்கள் மாறினால் வேறு கருவி ஆகிவிடும்படி இரட்டைப் பெயர்கள் வைக்கவே கூடாது.

"தமிழ்ப் பெயரே வைக்கலாமே?" என்று ஆசைப்படுவோர் உண்டு. எனக்கும் ஆசைதான். முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும்படி ஒரு மொழியைச் செய்தார். 2009-ம் ஆண்டில் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அந்த மொழியின் பெயர் "எழில்". அழகான பெயர்! அதில் அச்சிடு என்பதற்குப் "பதிப்பி" என்று எழுதினால் போதும். தமிழ் மட்டும் படித்த பிள்ளைக்கு இது பெரிய உதவி.

ஆனால் கட்டளை வரியில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது "ழ" வந்தால் ஒருவர் "இசட், எச்" போடுவார். ஒருவர் வெறும் "எல்" போடுவார். "தறி" என்று வைத்தால் "டி" மட்டும் போடுவதா, "எச்" சேர்ப்பதா? அடிக்கிறவன் தடுமாறுவான். "மணி", "வேல்" போன்ற சொற்களில் இந்தத் தொல்லை குறைவு.

"நாடா" என்று ஒரு கருவிக்குப் பெயர் வைக்கலாம் என்று எனக்கே தோன்றியது. இங்கும் அங்கும் ஓடிச் செய்தி கொண்டு போகும் கருவிக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஸ்பானிய மொழியில் "நாடா" என்றால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தம். ஒன்றுமில்லாத கருவியை யார் வாங்குவார்கள்? உலகத்துக்குக் கொடுக்கப் போகிற பெயர் என்றால் நாலு மொழியில் விசாரிப்பது நல்லது.

விஷ பாட்டிலுக்கு என்ன பெயர்?

இப்போது ஆபத்தான விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் பூச்சி மருந்தைத் தண்ணீர்ச் செம்பில் ஊற்றி வைப்போமா? எட்டாத உயரத்தில், மூடி இறுக்கி, சீட்டு ஒட்டி வைக்கிறோம். கருப்புத் திரையில் அப்படி இல்லை. கைக்கு எட்டுகிற இடத்திலேயே விஷம் இருக்கிறது.

"டி, டி" என்று ஒரு கருவி. ஒரு வட்டில் உள்ளதை அப்படியே இன்னொரு வட்டில் எழுதும். எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது! குடும்பப் போட்டோ, கல்யாண வீடியோ, கடைக் கணக்கு, எல்லாம் போய்விடும். கேள்வி கேட்காது. பெயரிலாவது எச்சரிக்கை உண்டா? இல்லை. ஐ.பி.எம். கம்பெனியின் பழைய கட்டளை மொழியிலிருந்து வந்த இரண்டு எழுத்து, அவ்வளவுதான். "வட்டை ஒழிப்பவன்" என்று ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்களுக்கு வேடிக்கையாக விரிவு சொல்வார்கள். பொருத்தமான விரிவு!

இன்னொன்று "கிரான்டேப்". இன்ன நேரத்தில் இன்ன வேலையைத் தானாகச் செய் என்று எழுதி வைக்கும் பட்டியல். அதைத் திருத்த "ஈ" என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். அதை அடியோடு அழிக்க "ஆர்" என்ற எழுத்து. விசைப் பலகையைப் பாருங்கள். "ஈ"யும் "ஆரும்" பக்கத்துப் பக்கத்து வீடு! விரல் ஒரு நூல் நகர்ந்தால் பட்டியல் முழுவதும் காலி. "அழிக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது.

இந்த இடத்தில் மட்டும் சுருக்கம் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆபத்தான கருவிக்கு நீளமான பெயர் வையுங்கள். "எல்லாவற்றையும் அழி" என்று முழுக்க அடிக்க வையுங்கள். பாதி அடிப்பதற்குள் புத்தி வந்துவிடும்.

ஜப்பானியர் ஒருவர் வேடிக்கையாக ஒரு கருவி செய்தார். அவசரத்தில் "எல், எஸ்" என்பதை "எஸ், எல்" என்று மாற்றி அடித்தால், திரையில் ஒரு நீராவி ரயில் புகை விட்டுக் கொண்டு ஓடும்! அது ஓடி முடிகிற வரையில் காத்திருக்க வேண்டும். எழுத்து மாறினால் ரயில் ஓடுவது சிரிப்பு. எழுத்து மாறினால் கணக்கு அழிவது சிரிப்பா?

பெயரை மாற்றலாமா?

"இப்போதைக்கு ஏதோ ஒன்று வைப்போம், பிறகு மாற்றிக் கொள்வோம்" என்பார்கள். அது எளிதல்ல.

யூனிக்ஸின் உள்ளே கோப்பை உண்டாக்குவதற்கு "கிரியேட்" என்ற அழைப்பு உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் "ஈ" வர வேண்டும். அதை விட்டுவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கென் தாம்சனிடம் கேட்டார்கள். அந்த "ஈ"யைச் சேர்ப்பேன் என்று அவர் சிரித்துக் கொண்டே சொன்னதாகச் சொல்வார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் அந்த "ஈ" இல்லை! ஏன்? அந்தப் பெயரை நம்பி எத்தனையோ நிரல்கள் எழுதப்பட்டு விட்டன. மாற்றினால் எல்லாம் நின்று விடும்.

மெட்ராஸ் 1996-ம் ஆண்டில் எல்லா மொழியிலும் சென்னை ஆயிற்று. ஆனால் ஆங்கிலத்தில் ஹைகோர்ட்டும் யூனிவர்சிட்டியும் இன்னும் மெட்ராஸ் பெயரையே வைத்துக் கொண்டிருக்கின்றன. அரசாங்கம் சட்டம் போட்டு மாற்றிய பெயருக்கே இந்தக் கதி என்றால், நாம் ஒரு மூலையில் உட்கார்ந்து மாற்றுகிற பெயர் எம்மாத்திரம்?

மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரு முறை இருக்கிறது. பழைய பெயரை ஒரேயடியாக எடுத்து விடாதீர்கள். ஓரிரு வருஷம் இருக்கட்டும். பழைய பெயரை அடித்தால், "என் பெயர் இப்போது இன்னது, அடுத்த தடவை அப்படிக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கேட்ட வேலையையும் செய்து கொடுக்கட்டும்.